மாற்றத்தை எதிர்ப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைகளின் வேலைவாய்ப்புப் பக்கங்களிலும் தன்னம்பிக்கைக் கட்டுரைகளிலும் ஒரு வசனம் அலுக்காமல் வந்துகொண்டே இருக்கிறது: காலத்துக்கேற்ப மாறாதவர் பின்தங்கிவிடுவார். அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வந்தாலும் சரி, ஆலைக்குப் புது இயந்திரம் வந்தாலும் சரி, மருத்துவர் சொன்ன புதுப் பழக்கமானாலும் சரி, முரண்டு பிடிப்பவரின் மனசில்தான் கோளாறு என்று முடிவுகட்டிவிட்டு அதற்கு ஊக்க உரையை மருந்தாகக் கொடுக்கிறோம். அந்த மருந்து பெரும்பாலும் மறுநாள் காலைவரைகூடத் தாங்காது. மாற்றம் என்பதற்காகவே யாரும் எதையும் எதிர்ப்பதில்லை. சம்பளம் கூடினால் யாராவது எதிர்க்கிறார்களா? மாற்றத்தோடு சேர்ந்து தன் கையை விட்டுப் போகப்போகும் ஒன்றுக்காகத்தான் எதிர்க்கிறார்கள். அது என்னவென்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் தொடங்கும் மாற்றம் பாதி வழியில் படுத்துவிடும்.

உளவியலாளர் கர்ட் லெவின் 1940களிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு நிலைமை அப்படியே நீடிக்கிறது என்றால், அதை முன்னே தள்ளும் விசைகளும் பின்னே இழுக்கும் விசைகளும் சமமாக இருக்கின்றன. தள்ளுவதைக் கூட்டினாலும் நகரும், இழுப்பதைக் குறைத்தாலும் நகரும். ஆனால் தள்ளுவதை மட்டும் கூட்டினால் உள்ளே இறுக்கம் ஏறும். கைபிரேக்கை விடுவிக்காமல் ஆக்சிலரேட்டரை மிதிப்பது மாதிரி. சுற்றறிக்கை, எச்சரிக்கை, பரிசு, போட்டி எல்லாம் தள்ளும் வகை. நம் நிர்வாகிகளுக்குப் பழகியது அது மட்டும்தான்.

கைபிரேக்கை விடுவித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் இருந்த ஹார்வுட் பைஜாமா ஆலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் இருவரும் நடத்தி 1948இல் வெளியிட்டது. அங்கே எண்ணிக்கைக்குத்தான் கூலி. மணிக்கு 60 அலகு என்பது தர அளவு. வேலைமுறை மாற்றப்பட்ட தொழிலாளர்களில் 38 சதவீதம் பேர்தான் மறுபடி அந்த 60ஐத் தொட்டார்கள். மற்ற 62 சதவீதம் பேர் கீழேயே தங்கிவிட்டார்கள், அல்லது வேலையை விட்டுப் போனார்கள். இத்தனைக்கும் அன்று புதிதாகச் சேர்ந்தவர் அதே வேலையை இவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார். அப்படியானால் கைக்குத் திறமை இல்லாததல்ல விஷயம்.

அடுத்து ஆய்வாளர்கள் செய்ததுதான் சுவாரசியம். துணியை அயர்ன் செய்பவர்கள் அதுவரை அரை டஜன் அரை டஜனாக ஓர் அட்டைமேல் அடுக்கி வந்தார்கள்; இனி பெட்டிக்குள் அடுக்க வேண்டும். கைவேலையில் இது கடுகளவு மாற்றம். ஒரு குழுவிடம் வழக்கம்போல், போட்டி அதிகமாகிவிட்டது, முறை மாறுகிறது, கூலி விகிதம் இதுதான் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். அதேபோல் வேலைமுறை மாறிய வேறு குழுக்களில் அணுகுமுறையை மாற்றினார்கள். ஒரு குழுவின் முன்னால் பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு உடைகளை வைத்து, இதில் எது மலிவானது என்று கேட்டார்கள். ஒன்றின் விலை மற்றதைப் போல இரு மடங்கு. யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. புதுமுறையை வடிவமைக்கவும் அதற்கான நேரத்தைக் கணக்கிடவும் அந்தக் குழு தன் பிரதிநிதிகளை அனுப்பியது. 14 நாளில் மணிக்கு 61 அலகை எட்டியது. வேறு இரண்டு சிறு குழுக்களில் பிரதிநிதி என்று இல்லாமல் எல்லோருமே உட்கார்ந்து பேசினார்கள். குறிப்பெடுப்பவர் திணறும் அளவுக்கு யோசனைகள் வந்து விழுந்தன. இரண்டொரு நாளில் பழைய வேகம் திரும்பியது, பிறகு பழையதைவிட ஏறக்குறைய 14 சதவீதம் மேலே போனது. இந்த மூன்று குழுக்களிலும் 40 நாளில் ஒருவர்கூட விலகவில்லை. முதல் குழுவில் எஞ்சியவர்களையே இரண்டரை மாதம் கழித்து இன்னொரு வேலைக்கு மாற்றும்போது இதே முறையில் பேசி மாற்றினார்கள். அவர்களும் சட்டென்று தேறிவிட்டார்கள்.

குழுக்கள் சிறியவை, அதனால் இதைச் சர்வரோக நிவாரணியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நார்வேயில் ஒரு காலணி ஆலையில் செய்து 1960இல் வெளியான ஆய்வில் உற்பத்தி இப்படி உயரவில்லை. ஆனால் ஹார்வுட்டில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முறையை மாற்றலாமா வேண்டாமா என்று நிர்வாகம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. என்ன செய்வது என்பது முடிவான விஷயம்; எப்படிச் செய்வது என்பது திறந்த விஷயம். இந்தக் கோட்டை முதல் கூட்டத்திலேயே பளிச்சென்று சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டுக் கருத்துக் கேட்பதுபோல் நடிப்பதைவிட, கேட்காமலே இருப்பது மேல். ஒருமுறை நடித்து மாட்டிக்கொண்ட நிர்வாகத்தை அடுத்த மாற்றத்தின்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். மாற்றம் அறிவிக்கப்படுவதற்கு முன் ஒரு தாளில் நெடுக்காகக் கோடு கிழித்து நான்கு பத்தி போட வேண்டும். யார், இப்போது என்ன செய்கிறார், மாற்றத்துக்குப் பின் அவரிடமிருந்து என்ன போகிறது, அதற்கு ஈடாக என்ன. 'பணியாளர்கள்' என்று மொத்தமாக எழுதினால் இந்தத் தாளால் பயனே இல்லை. மேசைவாரியாக எழுத வேண்டும். மூன்றாம் பத்தியில் வருபவை அநேகமாக நேரம், வருமானம், கைப்பழக்கம், மதிப்பு, கூட வேலை செய்தவர்களோடு இருந்த பழக்கம் ஆகியவற்றுக்குள் அடங்கிவிடும். பதிவேட்டில் எழுதிவந்த அலுவலகத்தில் கணினி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலதிகாரிக்கு ஒரு சொடுக்கில் அறிக்கை கிடைக்கும், லாபம் அவருக்கு. கவுன்ட்டரில் இருப்பவருக்கோ ஒரு வரி எழுதிய இடத்தில் பன்னிரண்டு கட்டம் நிரப்ப வேண்டும். வரிசையில் நிற்பவரின் வசவும் அவருக்கே. லாபம் ஒருவருக்கு, சுமை இன்னொருவருக்கு என்றால், சுமப்பவர் முணுமுணுப்பதை மனநிலைக் கோளாறு என்பது அநியாயம். பன்னிரண்டு கட்டத்தில் எத்தனை உண்மையிலேயே தேவை என்று அவரை வைத்துக்கொண்டே அடித்துப் பார்த்தால் ஆறாகிவிடும். ஈடு என்று நான் சொல்வது இதைத்தான்.

மதிப்பு போவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இருபது வருட அனுபவசாலி ஒருவர். எந்தக் கோப்பு எங்கே, எந்த விதிவிலக்குக்கு என்ன முன்னுதாரணம் என்று எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள். மாற்றம் வந்த மறுநாள் அவர் நேற்றுச் சேர்ந்த பையனிடம் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டு நிற்க வேண்டும். பழைய முறையில் கெட்டிக்காரராக இருந்தவருக்குத்தான் இழப்பு அதிகம். அதனால்தான் பல இடங்களில் எதிர்ப்பின் தலைமை சோம்பேறியிடம் இல்லாமல் திறமைசாலியிடம் இருக்கிறது. அவரைப் பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வைப்பது தப்பு. வகுப்புக்கு முன்பே தனியாக உட்கார்ந்து, விதிவிலக்குகளின் பட்டியலை அவரைக் கொண்டு எழுத வேண்டும். மென்பொருள் எழுதியவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். உதாரணமாக, கைப்பேசி எண் இல்லாமல் விண்ணப்பம் மேலே நகராது என்று திரையை அமைத்திருப்பார்கள். கைப்பேசியே இல்லாத மனிதர் வந்து நிற்கும்போது கவுன்ட்டரில் இருப்பவர் என்ன செய்வார்? பத்து ஒன்பதைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். முதல் வாரம் முடியும்போது தரவுத்தளத்தில் ஒன்பதுகள் வரிசையாக நிற்கும். இதை ஒத்துழையாமை என்று குறிப்பாணை கொடுக்கும் அதிகாரிகள் உண்டு. கட்டாயம் என்ற கட்டுப்பாட்டை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, 'எண் இல்லை' என்று ஒரு தேர்வு சேர்த்தால் முடிகிற வேலை அது.

எதிர்ப்பைச் சொல்லவைப்பதற்கும் முறை இருக்கிறது. கூட்டத்தில் 'யாருக்காவது ஆட்சேபணை உண்டா' என்று கேட்டால் அமைதிதான் பதில். அது சம்மதம் இல்லை. பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, 'இந்தத் திட்டத்தில் எது முதலில் சிக்கலாகும்' என்ற ஒரே கேள்விக்குப் பெயர் போடாமல் எழுதச் சொல்லலாம். வந்ததை எல்லாம் பலகையில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும்: ஏற்கிறோம், ஏற்கவில்லை, அல்லது இன்ன தேதிக்குப் பின் பார்க்கிறோம். ஏற்காததற்குக் காரணம் கட்டாயம் எழுத வேண்டும். ஏற்காததைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பதிலே வராத துண்டுத்தாளைத்தான் மறக்க மாட்டார்கள்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதம் முன்பே நடத்தினால் மறந்துவிடும். தொடங்கும் நாளுக்கு முந்தைய வாரம்தான் சரி. மாதிரித் தரவை வைத்து நடத்தாமல் அவரவர் கோப்பை வைத்து நடத்த வேண்டும். மவுஸ் கற்பவர் கையில் இருக்கட்டும், பயிற்சியாளர் அதைத் தொடவே கூடாது. தொடக்க நாள் மாதக் கடைசியிலோ கூட்டம் நெரியும் நாளிலோ வேண்டாம். ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய இவற்றில்தான் பல திட்டங்கள் கவிழ்கின்றன.

அதைவிடப் பெரிய சறுக்கல், வேகம் குறையும் காலத்துக்கு இடம் ஒதுக்காதது. எந்தப் புதுமுறையிலும் முதல் சில வாரம் வேலை மெதுவாகத்தான் நடக்கும். விரலுக்குப் பழகியதை மறந்து இன்னொன்றைப் பழக்க வேண்டும். இது தெரிந்தும் இலக்கை மட்டும் பழையபடியே வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, தவறுகள் குவியும். இல்லையென்றால், பகலில் பழைய முறையில் வேலையை முடித்துவிட்டு, மாலையில் மொத்தமாகப் புதியதில் ஏற்றுவார்கள். கணக்கில் எல்லாம் அழகாகத் தெரியும், உள்ளே ஒன்றும் மாறியிருக்காது. முதல் இரண்டு வாரம் பாதி இலக்கு, அடுத்த இரண்டு வாரம் முக்கால் இலக்கு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். எண்ணிக்கைக் கூலியோ ஊக்கத்தொகையோ இருக்கும் இடத்தில், அந்த நான்கு வாரமும் பழைய சராசரி வருமானத்துக்கு உத்தரவாதம் தர வேண்டும். செலவுதான். ஆட்கள் விலகினால் புதியவரைத் தேடிப் பழக்குவதும் செலவுதான்.

பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலம் இன்னொரு பொறி. ஒரு முழுச் சுற்று, அதாவது மாதக் கணக்கு முடிக்கும் வேலை ஒருமுறை வந்து போகும்வரை, இரண்டும் ஓடுவது பாதுகாப்பு. அதற்குமேல் நீண்டால் இரட்டை வேலை, அத்தோடு பழைய பதிவேடுதான் நிஜம் என்ற நினைப்பும் உறைந்துவிடும். எனவே மூடும் தேதியைத் தொடங்கும் நாளிலேயே சுவரில் ஒட்ட வேண்டும். தினமும் ஏதாவது பத்துப் பதிவை எடுத்து இரண்டிலும் ஒத்துப்பார்த்து, மாறுபட்டால் யார் தப்பு என்று தேடாமல் ஏன் மாறியது என்று தேட வேண்டும். புதியது இத்தனை மணி நேரத்துக்குமேல் முடங்கினால் தாளுக்குத் திரும்பலாம் என்ற விதியும், அதற்கென அச்சிட்ட படிவமும் மேசையில் தயாராக இருக்கட்டும். திரும்பும் வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். மூடிய பிறகு பழைய பதிவேட்டைக் கிடங்கில் போடாமல், எழுத முடியாதபடி கோடு கிழித்து முத்திரை வைத்து, எட்டும் தூரத்தில் ஆறு மாதம் வைத்திருங்கள்.

இத்தனை பேச்சு எதற்கு, உத்தரவு போட்டால் போதாதா என்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அதே வகைப் பட்டியலைப் பயன்படுத்திவருவதாக மருத்துவமனைகள் அரசுக்குக் கணக்குக் காட்டும்படி செய்தார்கள். 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவில் குறிப்பிடத்தக்க மாறுதல் தெரியவில்லை. இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. கட்டத்தில் டிக் அடிப்பது வேறு, கத்தியை எடுக்குமுன் நின்று ஒருவரோடொருவர் பேசுவது வேறு என்பது அவற்றில் ஒன்று. எனக்கு அதுதான் நம்பும்படியாகத் தோன்றுகிறது.

மறுபக்கம் ஸ்வீடன். சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதை வலப்பக்கத்துக்கு மாற்றலாமா என்று 1955இல் மக்களிடம் கேட்டபோது சுமார் 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1963இல் நாடாளுமன்றம் மாற்றுவதென்று முடிவெடுத்தது. அதன்பின் நான்கு வருடம் அதற்கான ஏற்பாடுதான். போக்குவரத்து குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, 1967 செப்டம்பர் 3, ஞாயிறு விடியற்காலை என்று நாள் குறித்தார்கள். 4.50 மணிக்குச் சாலையில் இருந்த எல்லா வாகனமும் நிற்க வேண்டும், மெல்ல வலப்பக்கம் வந்து மறுபடி நிற்க வேண்டும், ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். வேக வரம்பையும் குறைத்து வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் விபத்துகள் குறையக்கூடச் செய்தன, எல்லோரும் உஷாராக ஓட்டியதால். பிறகு பழைய அளவுக்கு வந்துவிட்டன. பெரும்பான்மை வேண்டாம் என்றதையும் செய்யலாம் போலிருக்கிறதே என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பத்து நிமிட நிறுத்தத்தைப் போல நுணுக்கமாக யோசித்தவர்களுக்குத்தான் அது முடிந்தது.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். குடும்பத்தில் ஒருவர் புகையை விட வேண்டும், அல்லது நடைப்பயிற்சி தொடங்க வேண்டும் என்றால், மற்றவர்கள் காரணங்களை அடுக்குகிறார்கள். நாம் மாறச் சொல்லி வாதாடினால் அவர் மாறாததற்கு வாதாடுவார்; தன் வாயால் சொன்ன வாதத்தைத் தானே நம்பியும்விடுவார். அதற்குப் பதிலாக, 'இதை விட வேண்டும் என்று பத்துக்கு எத்தனை மதிப்பெண் அளவு தோன்றுகிறது' என்று கேளுங்கள். நான்கு என்றால், 'ஏன் இவ்வளவு குறைவு' என்று கேட்காதீர்கள். 'ஏன் இரண்டு இல்லை' என்று கேளுங்கள். மாறுவதற்கான காரணங்களை இப்போது அவரே சொல்லத் தொடங்குவார். போதைப் பழக்க ஆலோசகர்கள் நாள்தோறும் கையாளும் கேள்வி இது.

தனக்குத் தானே மாற்றம் செய்துகொள்பவர் நம்பி ஏமாறுவது '21 நாளில் பழக்கமாகிவிடும்' என்ற பேச்சை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே வரும் நிலையை எட்ட நடுமட்டமாக (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 66 நாள் ஆனது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 முதல் 254 நாள்வரை என்று கணக்கிட்டார்கள். 22ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே, எனக்கு மன உறுதி போதவில்லை என்று விடுகிறவர் உண்மையில் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில்தான் நின்றிருக்கிறார். இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 'தினமும் உடற்பயிற்சி செய்வேன்' என்ற சங்கல்பத்தைவிட, 'காலையில் பல் துலக்கி முடித்ததும் காலணியை மாட்டுவேன்' என்று ஏற்கனவே நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது பலன் தரும். வெளியூர்ப் பயணம், வீடு மாற்றம், நோய் ஆகியவற்றின்போது அந்த முடிச்சு அவிழும். திரும்பி வந்ததும் புதிதாகப் போட வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு பழக்கத்தைத் தொடங்குபவருக்கு நான்கும் போகும்.

வயதானவர்களிடம் ஸ்மார்ட்போனைக் கொடுத்துவிட்டு, தட்டுத் தடுமாறும்போது 'கொடும்மா, நான் போடுறேன்' என்று பிடுங்குவதும் இந்த வகைத் தவறே. ஒரு வாரத்துக்கு ஒரே வேலை, வீடியோ அழைப்பு மட்டும். படிகளை அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்களுடைய வார்த்தையிலேயே தாளில் எழுதி வைக்கலாம். திரையில் படங்கள் இருக்கும் இடத்தை மட்டும் மாற்றவே கூடாது.

எல்லா எதிர்ப்பும் நியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. வரிசைமுறை கணினிக்குப் போனால் தனக்கு வேண்டியவரை முன்னால் அனுப்பும் வசதி சிலருக்குப் போகும். அந்த இழப்புக்கு ஈடு கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது. ஆனால் நான்கு பத்தித் தாளை எழுதி, மற்றவர்களின் குறைகளைத் தீர்த்தால்தான் அப்படிப்பட்டவர் யார் என்று தனித்துத் தெரியும். அதுவரை அவர் எல்லோருடைய உண்மையான சங்கடத்துக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டிருப்பார்.

தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'புதிய நடைமுறைக்கு ஊழியர்கள் எதிர்ப்பு' என்று செய்தி வரும்போது, இரு தரப்புப் பேட்டியோடு இன்னும் நான்கு விவரங்களைக் கேட்டு வெளியிடுங்கள்: ஒரு விண்ணப்பத்துக்கு முன்பு எத்தனை நிமிடம், இப்போது எத்தனை நிமிடம், பழகும் காலத்தில் இலக்கு குறைக்கப்பட்டதா, ஊழியர்கள் எழுதிக்கொடுத்த ஆட்சேபணைகளில் எத்தனைக்குப் பதில் தரப்பட்டது.

இப்படிக்கு,
பணியிட மாற்றப் பயிற்சித் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்